இறக்கத்தில் அணைக்கப்பட்ட என்ஜின்



பிறருடைய வாழ்க்கையில் நடந்தவைகளை எடுத்துக்கொண்டு அவைகளிலிருந்து பாடம் சொல்லுவது போதகர்களாகிய எங்களுக்கு எளிது. இந்த மாதம் என்னுடைய வாழ்க்கையிலேயே நடந்த ஒன்றை எழுதவேண்டியதாயிருக்கிறது. நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் ஒரு மலைக்குப் போய்வந்த கதைதான் இது. ஆனாலும் அந்த மலையில் நான் சொன்ன ஒரு வார்த்தையை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். அதை முதலாவது யாரிடம் சொல்லவேண்டியிருந்ததோ அவரிடத்தில் சொல்லி, அவருடைய சம்மதத்தோடுதான் இப்பொழுது எழுதுகிறேன்.

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து 1994-ஆம் ஆண்டு நான் மும்பைக்கு வந்தேன். தாராவியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, பதினான்கு பேரோடு சபை தொடங்கிற்று. அந்நாட்களில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணிச் செலவழிக்கப்பட்டது. விசுவாசிகள் சேர்ந்து வாங்கித் தந்த பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு ஊற்றுகிற பெட்ரோல் காணிக்கைப் பணம் என்ற எண்ணம் எப்பொழுதும் எனக்கு உண்டு. ஆகவே மேம்பாலத்தின் உச்சியை அடைந்ததும் என்ஜினை அணைத்துவிடுவேன். வண்டி தானாகக் கீழே உருண்டுவரும். மறுபடியும் சமதரை வந்தபின்புதான் உதைத்துக் கிளப்புவேன். இதை ஒரு நல்ல சிக்கனமாக எண்ணி, சபையின் வாலிபருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டிலிருந்து, பெற்றோருக்கும் பணம் அனுப்புகிற நம்முடைய ஜனங்களுக்கு இப்படிப்பட்ட சிக்கனம் புதிதல்லவே!

1999-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாங்கள் நான்கு பேர் மாத்தேரானுக்குப் போகத் தீர்மானித்தோம். போதகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் அல்ல. ஆதலால் எங்களுடைய வாரக் கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் தொடங்கி, சனிக்கிழமை இருட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். என்னோடு வந்தவர்களில் ஒருவர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர். இன்னொருவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இருவரும் என் வயதையொத்தவர்கள். நான்காவது நபர் இருபத்தாறு வயது வாலிபத் தம்பி. சபையில் கிட்டார் வாசிப்பவன். தை மாதத்தில் அவனுக்குத் திருமணம் என்று நிச்சயமாகியிருந்தது. விதவையான அவனுடைய தாயார், "ஐயாகூடத்தானே போகிறான்" என்று சொல்லி வழியனுப்பினார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மும்பையில் இருக்கிற வாசகர்களுக்கு மாத்தேரான் தெரிந்த இடம். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிற சிறிய மலை வாசஸ்தலம் அது. 1850-ஆம் ஆண்டு அப்போதைய தானே கலெக்டராயிருந்த மாலே என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டு வெளியுலகத்திற்கு அறிவித்தார். 1907-ஆம் ஆண்டிலிருந்து நேரல் என்ற அடிவார ஊரிலிருந்து மேலே சிறிய மலை இரயில் ஓடுகிறது. அங்கே ஊருக்குள் வெளியிலிருந்து வருகிறவர்களின் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. நேரலிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் செங்குத்தான மலைச்சாலையில் ஏறி, தஸ்தூரி நாக்கா என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அந்நாட்களில் அங்கிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் செம்மண் பாதையில் நடந்தோ, குதிரையின்மேலோ கடைத்தெருவுக்குப் போவார்கள். அக்காலத்தில் மனிதர் இழுக்கும் ரிக்க்ஷாக்களும் உண்டு. அந்தக் கை ரிக்க்ஷாக்களை ஆறு மாதத்திற்குள் நிறுத்தவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது.

எங்களிடம் மூன்று வண்டிகள் இருந்தன. இட்லிக்கடைச் சகோதரரும் குமாஸ்தா சகோதரரும் ஒன்றில். நான் பைகளோடு ஒன்றில். தம்பி தனியாக ஒன்றில். வாஷி பாலத்தைக் கடந்து, பன்வேல், சௌக், கர்ஜத் வழியாக நேரல் போய்ச் சேருகிறதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டே தலைக்கவசங்கள். அவைகளில் ஒன்று என்னுடையது. தம்பிக்கு இல்லை.

அன்றிரவு ஒரு எளிய விடுதியில் ஒரே அறையில் தங்கினோம். இரவு வெகுநேரம்வரை தம்பி கிட்டார் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தான். காலையில் எழுந்து ஏரிக்கரைக்கும், பள்ளத்தாக்கைப் பார்க்கிற முனைகளுக்கும் நடந்தோம். செம்மண் எங்கள் வெள்ளைச் சட்டைகளையெல்லாம் காவியாக்கிவிட்டது. திருமணத்திற்குப் பின் மனைவியையும் இங்கே கூட்டிவருவேன் என்று அவன் சொன்னான்.

மாலை மூன்று மணியளவில் தஸ்தூரிக்குத் திரும்பினோம். மற்ற இருவரும் முதலில் புறப்பட்டு இறங்கிவிட்டார்கள். நான் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். தம்பி வண்டியை உதைத்துக் கிளப்பினான். அப்பொழுது நான் அவனைப் பார்த்து, "எதற்குத் தம்பி என்ஜின்? கீழே வரைக்கும் இறக்கந்தானே. அணைத்துவிடு. மலை தானாகக் கொண்டுபோய் நேரலில் விட்டுவிடும். கல்யாணச் செலவு இருக்கிறது, பெட்ரோலை மிச்சம் பிடி" என்றேன்.

அவன் சற்றுத் தயங்கினான். "பிரேக் தாங்குமா ஐயா?" என்று கேட்டான்.

நான் சிரித்து, "விசுவாசம் வேண்டும் தம்பி" என்றேன்.

அவன் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். வண்டி சத்தமில்லாமல் உருண்டு வளைவில் மறைந்தது. ஐந்து நிமிடம் கழித்து நானும் அப்படியே புறப்பட்டேன். பாதி வழி இறங்குவதற்குள் என் வண்டியின் பிரேக்கிலிருந்து கருகின வாசனை வந்தது. மிதியை எவ்வளவு அழுத்தியும் வேகம் குறையவில்லை. பயந்துபோய், சாலையின் மலைப்பக்கத்தில் மண் குவிந்திருந்த இடத்தில் வண்டியை ஏற்றி எப்படியோ நிறுத்தினேன். நிற்கும்போதே கீழேயிருந்து ஜனங்களின் கூக்குரல் கேட்டது.

கொண்டைஊசி வளைவு ஒன்றில் தம்பியின் வண்டி திரும்பாமல் நேரே போய்த் தடுப்புச் சுவரில் மோதியிருந்தது. தலையில் அடி. ஒரு டாக்சிக்காரர் மனமிரங்கித் தம்முடைய வண்டியில் ஏற்றினார். நேரல் போய்ச் சேருமுன்னே அவன் நித்திய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்துவிட்டான். அவன் தலை என் மடியில் இருந்தது.

அடக்க ஆராதனையில் நான்தான் பிரசங்கித்தேன். தேவன் தமது தோட்டத்தில் மிகவும் அழகான மலரைப் பறித்துக்கொண்டார் என்றேன். அவருடைய சித்தத்தை நாம் கேள்வி கேட்கக்கூடாது என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாயார் அழுகையினூடே தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அநேகர் ஆறுதலடைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் நானோ, என் வாயின் ஆலோசனையினால் நடந்த காரியத்தைத் தேவனுடைய சித்தத்தின் கணக்கில் எழுதிவிட்டேன். எகிப்திலே யோசேப்பின் சகோதரர் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டதைக்குறித்து நான் எத்தனையோ தடவை போதித்திருக்கிறேன். வெகு ஆண்டுகளுக்கு முன் தம்பியின் கெஞ்சுதலைக் கேளாமற்போன குற்றம் அவர்கள் நெஞ்சிலே உயிரோடிருந்ததை விளக்கியிருக்கிறேன். அந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் வேகமாகக் கடந்துபோகப் பழகிக்கொண்டேன்.

இறந்த தம்பிக்கு ஒரு தம்பி உண்டு. அப்பொழுது அவனுக்குப் பத்தொன்பது வயது. சயானில் ஒரு இருசக்கர வாகன மெக்கானிக்கிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அடக்கம் முடிந்த சில மாதங்களில் அவன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வேறொரு சபைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். யாராவது அவனைப்பற்றி விசாரித்தால், "பின்வாங்கிப்போனான், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுவேன். இதுவும் என் வாயிலிருந்து வந்ததுதான்.

ஏழு ஆண்டுகளுக்குப்பின் தாயாருக்கு மூட்டுவலி அதிகமாகி நடக்கக் கூடாதபோது, அவன் அவர்களை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஞாயிறுதோறும் கொண்டுவந்து விட ஆரம்பித்தான். முதலில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். பின்பு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். காலப்போக்கில் எங்களுடைய சபையின் மிகவும் உண்மையான சகோதரர்களில் ஒருவரானார். சயானிலே சொந்தமாகப் பட்டறையும் வைத்துக்கொண்டார். தாயார் 2016-ஆம் ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவர்களிடத்தில் நான் சொல்லவேயில்லை.

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், என்னுடைய வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தபோது, அந்த மெக்கானிக் சகோதரர் கையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, வருகிற வெள்ளிக்கிழமை மாத்தேரான் போய்வரலாமா? பழைய ஆட்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது வரவில்லை.

அப்படியே நான்கு பேரும் இரண்டு வண்டிகளில் புறப்பட்டோம். நான் மெக்கானிக் சகோதரருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இம்முறை நான்கு தலைகளிலும் நான்கு தலைக்கவசங்கள். அவரே கொண்டுவந்து, ஒவ்வொருவருடைய தாடைப்பட்டையையும் தம் கையால் மாட்டினார். ஐம்பது வயதைக் கடந்த எங்களுக்கு முதுகுவலியினிமித்தம் பன்வேலில் ஒருதரமும் கர்ஜத்தில் ஒருதரமும் இறங்கித் தேநீர் குடிக்கவேண்டியதாயிருந்தது. இட்லிக்கடைச் சகோதரர் வழியெல்லாம் வேடிக்கை பேசிக்கொண்டுவந்தார். நேரலைத் தாண்டினபின்பு அவரும் பேசவில்லை. அந்த வளைவு வந்தபோது மெக்கானிக் சகோதரர் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தை மாத்திரம் குறைத்தார். என் கைகள் அவருடைய தோளில் இருந்தன. அவை நடுங்கினதை அவர் அறிந்திருப்பார்.

மறுநாள் விடியற்காலத்தில் மற்ற இருவரும் உறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சூரிய உதயத்தைப் பார்க்கப் பனோரமா முனைக்கு நடந்தோம். வழியெல்லாம் நாவல் மரங்களின் இருட்டு. முனையை அடைந்தபோது கீழே சமவெளியின்மேல் வெண்மையான மூடுபனி விரிந்திருந்தது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தோம். இப்பொழுது சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று உணர்ந்தேன்.

"தம்பி, அன்றைக்கு உங்கள் அண்ணனை என்ஜினை அணைக்கச் சொன்னது நான்தான்" என்றேன். விசுவாசம் வேண்டும் என்று சிரித்ததையும் சொன்னேன். அடக்கத்தில் பேசினது பொய் என்றும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "தெரியும் ஐயா" என்றார்.

நான் திகைத்துப்போனேன்.

"வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள் அல்லவா? நான்தான் பார்த்தேன். சாவி ஆஃபில் இருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. பின்சக்கர டிரம்மைக் கழற்றினேன். பிரேக் ஷூ இரண்டும் கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்தது. சூட்டில் அப்படி ஆகிவிடும். அப்புறம் பிடிக்காது. அண்ணன் தானாக அப்படிச் செய்கிறவன் இல்லை ஐயா. இறக்கத்தில் அணைக்காதே என்று நானே அவனிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் மேம்பாலத்தில் நீங்கள் அணைத்துக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் அவன் தட்டமாட்டான்."

"ஏன் கேட்கவில்லை தம்பி?"

"நீங்கள் சொல்லுவீர்கள் என்று இருந்தேன். அடக்கத்தன்று சொல்லுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மலர் என்று சொன்னீர்கள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை."

"அம்மாவுக்கு?"

"அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. அவர்களுக்குச் சபை ஒன்றுதான் மிச்சம். அதையும் நான் எடுத்துப்போடக் கூடாது."

பிரியமானவர்களே, நான் யாரைப் பின்வாங்கிப்போனவன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனோ, அவர் தம்முடைய தாயாரின் விசுவாசத்தைக் காப்பாற்றும்படி என்னுடைய பாவத்தை இத்தனை ஆண்டுகள் தமக்குள்ளே சுமந்துகொண்டிருந்தார். அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தபடியே நான் சிறுபிள்ளையைப்போல அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அப்பொழுதே மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய் ஐயா. ஏழு வருஷம் கோபமாய் இருந்தேன். அப்புறம் கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை. ஐந்தாறு வருஷமாகவே உங்களை இங்கே கூட்டிவரவேண்டும் என்றிருந்தேன். நீங்கள் சொல்லாமலே இறங்கியிருந்தால் நானும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டேன். இப்பொழுது சொல்லிவிட்டீர்கள். போதும்" என்றார்.

திரும்பி நடக்கும்போது அவர் ஒரு மெக்கானிக்காகவே எனக்கு விளக்கிச் சொன்னார். அதை நம்முடைய வாலிபரும், ஏன், முதியவரும் கேட்கவேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். மலையிலிருந்து இறங்குகிற வண்டியின் வேகத்தையெல்லாம் பிரேக் தடுக்கும்போது, அந்த வேகம் எங்கும் போய்விடுவதில்லை. அது சூடாக மாறுகிறது. டிரம்முக்குள் இருக்கிற இரண்டு ஷூக்களும் விடாமல் தேய்ந்து தேய்ந்து சூடேறினால், ஒரு கட்டத்தில் பிடிப்பு இற்றுப்போகும். நகரத்து மேம்பாலத்தில் அரை நிமிட இறக்கத்தில் இது தெரியாது. எட்டுக் கிலோமீட்டர் மலையிறக்கத்தில் தெரியும். ஆனால் வண்டி முதலாவது அல்லது இரண்டாவது கியரில் இருந்து, ஆக்ஸிலேட்டரை மூடிவைத்திருந்தால், என்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பிரேக்கின் பாரத்தில் பெரும்பகுதியை அது சுமந்துகொள்ளும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில்தான் இறங்கவேண்டும் என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய விதி. கியர் மாற்ற வசதியில்லாத ஸ்கூட்டர்களில் என்ஜினின் இந்தப் பிடிப்பு மிகவும் குறைவு. ஆகையால் அவைகளில் மலையிறங்குகிறவர்கள் ஆங்காங்கே நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

"அப்படியானால் அன்றைக்கு அணைத்ததினால் எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகியிருக்கும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்கப் பயந்திருந்தேன்.

அவர் கணக்குப் பார்த்தார். "அந்த வண்டி சும்மா ஓடினால் ஒரு மணி நேரத்துக்குக் கால் லிட்டர்கூடக் குடிக்காது. இறங்க இருபது நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிங் சாய் அளவு இருக்கும் ஐயா" என்றார்.

மும்பைத் தெருவிலே நாம் நின்றுகொண்டு குடிக்கிற அரைக் குவளைத் தேநீர். அவ்வளவுதான். இன்னுமொன்றும் சொன்னார். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படுகிற பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைத் தெளித்துக்கொடுக்கும் கருவி உள்ளவை. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் அந்தக் கருவி தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஓடவிட்டால்தான் பெட்ரோல் செலவாகும். ஆகவே சிக்கனம் என்று சொல்லி நியூட்ரலில் இறங்குவதற்கு இக்காலத்தில் அந்தச் சாக்கும் இல்லை.

மதியம் தஸ்தூரியில் வண்டியை எடுத்தபோது அவர் சாவியை என் கையில் கொடுத்தார். "நீங்கள் ஓட்டுங்கள் ஐயா. நான் பின்னால் உட்காருகிறேன்" என்றார். நான் மறுத்தேன். அந்த நாளுக்குப்பின் எந்த மலையிலும் நான் வண்டி ஓட்டினதில்லை. அவர் கேட்கவில்லை. என் பின்னால் ஏறி உட்கார்ந்து, "கிளப்புங்கள். ஒன்றாவது கியர்" என்றார்.

என்ஜின் உறுமிக்கொண்டே இறங்கினது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு ஆறுதலாயிருந்தது. எதிரே டாக்சிகள் ஏறிவந்தபோதெல்லாம், "ஓரமாய் நிறுத்துங்கள், ஏறுகிறவனுக்குத்தான் இறங்குகிறவன் வழிவிட வேண்டும்" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். குறுகலான மலைச்சாலைகளுக்கு அது சட்டமும்கூட. இரண்டு இடங்களில் நிறுத்தி டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கைபொறுக்கும் சூடுதான் இருந்தது.

அந்த வளைவில் இம்முறை நின்றோம். முன்னே போன இருவரும் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களிடத்திலும் நான் சொன்னேன். குமாஸ்தா சகோதரர் என் முகத்தைப் பார்க்கக் கூடாமல் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார். இட்லிக்கடைச் சகோதரர், "நாங்கள் முன்னே போகாமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கி முடிக்கவில்லை. அவரவர் நெஞ்சிலும் ஒரு பாரம் இருந்திருக்கிறது. நான் என்னுடையதை மறைத்ததினால் அவர்களும் தங்களுடையதை இறக்கிவைக்க வழியில்லாமற்போயிற்று. நால்வரும் அங்கே கொஞ்ச நேரம் மௌனமாய் நின்றோம். நான் ஜெபம் செய்ய வாய் திறக்கவில்லை. மெக்கானிக் சகோதரர்தான் சுருக்கமாக ஜெபித்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். மெக்கானிக் சகோதரரைப் பின்வாங்கிப்போனவர் என்று நான் சொல்லிவந்ததையும் மறைக்கவில்லை. சில விசுவாசிகள் மனம் நொந்தார்கள். ஒரு குடும்பம் அதற்குப்பின் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தாமதித்த அறிக்கைக்கு அந்தக் கிரயம் அதிகமல்ல. ஆனால் தாயாரின் கல்லறையிலே போய்ச் சொன்னபோது தலையசைத்துக் கேட்க அவர்கள் அங்கே இல்லை. அந்த இழப்பு மாத்திரம் என்னோடேயே இருக்கும்.

இப்பொழுது எங்கள் சபை வாலிபர் எங்கேயாவது வண்டிகளில் போவதானால், அதற்கு முந்தின வாரம் மெக்கானிக் சகோதரரின் பட்டறையில் கூடுகிறார்கள். அவர் பிரேக் ஷூவையும் டயரையும் பார்க்கிறார். தலைக்கவசமில்லாதவன் புறப்படக் கூடாது. பின்னால் உட்காருகிறவனுக்கும் அப்படியே. 2022-ஆம் ஆண்டில் நம்முடைய தேசத்தில் சாலை விபத்துகளில் மரித்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்குக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஒவ்வொருவருக்காகவும் யாரோ ஒருவர் அடக்கத்தில் பேசியிருப்பார்.

உடன் ஊழியர்களே, அடக்க வீட்டில் தேவ சித்தம் என்ற வார்த்தையை எடுக்குமுன் உங்கள் கையைப் பாருங்கள். வாலிபரே, பெரியவர் சொன்னாலும், போதகர் சொன்னாலும், பிரேக் தாங்குமா என்று உங்கள் மனம் கேட்டால் அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுங்கள். அன்று அந்தத் தம்பி சரியான கேள்வியைத்தான் கேட்டான். பதில் சொன்னவன்தான் தவறினான்.

நீங்களும் ஒருவரிடத்தில் சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களானால், அவர் உயிரோடிருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும். ஆனாலும் அது உங்கள் வாயிலிருந்து வரும்படி அவர் காத்திருக்கக்கூடும்.